புதுப் பாட்டைத் திட்டும் முன் மெத்தையை நிமிர்த்துங்கள்

அறுபது வருஷத்து ராக் பேண்ட் ஒன்று புதுப் பாட்டு விட்டால் முதல் கால் மணி நேரத்தில் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். பாட்டு நாலு நிமிஷம் ஓடும். தீர்ப்பு மூன்றாவது நிமிஷத்திலேயே வந்துவிடும். "குரல் போச்சுப்பா." "டிரம்ஸ் என்ன தகர டப்பாவா?" "எல்லாம் கம்ப்யூட்டர் வேலை." "அந்தாள் செத்ததோட பேண்டும் செத்துப்போச்சு." எதிர்க்கட்சி உடனே கிளம்பும்: "எண்பது வயசுல உங்க ஐயாவைப் பாடச் சொல்லு பாப்போம்." காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் ராக் கேட்கிற கூட்டம் சின்னதுதான். சண்டைக்கு மட்டும் குறைச்சலே இல்லை.

இந்தத் தீர்ப்புகளில் பல, பாட்டைப் பற்றியவையே அல்ல. சில வீட்டுச் சுவரைப் பற்றியவை, சில ஃபோன் ஸ்பீக்கரைப் பற்றியவை, சில மாஸ்டரிங் (வெளியிடும் முன் பாட்டின் சத்தத்தைக் கடைசியாகச் சீராக்குகிற வேலை) செய்த விதத்தைப் பற்றியவை. இவற்றையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் பேண்டின் கணக்கில் சேர வேண்டும். கழிக்கிற வேலையை வெளியிலிருந்து உள்ளே போகிற வரிசையில் பார்க்கலாம்: முதலில் வீடு, பிறகு கருவி, பிறகு ஃபைல், கடைசியில் ஆட்கள்.

நம் செட்டிநாட்டு வீட்டிலேயே கொஞ்சம் நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. ராக் இசைக்கு இவ்வளவு விரோதமான கட்டடம் வேறெங்கும் கிடைப்பது கஷ்டம். தரை ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் தகட்டின் மேல் சிமெண்டுச் சாயத்தை ஊற்றி, சூளையில் வைக்காமல் தண்ணீரில் ஊறவைத்து எடுத்தது. கண்ணாடியின் வழவழப்பு அப்படியே மேலே படிந்திருக்கும். சுவரோ சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற அளவுக்கு மினுக்கியது. உத்தரம், மச்சு எல்லாம் பர்மா தேக்கு. கண்ணுக்கு அழகு. ஒலிக்கு, இந்த மூன்றும் வருகிற சத்தத்தை விழுங்காமல் அப்படியே திருப்பி எறிகிற பொருள்கள்.

அமெரிக்கர் வாலஸ் சபைன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஹார்வர்டில் ஒரு எதிரொலிக்கும் விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யப் போய், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கிவந்து அடுக்கி அடுக்கி அளந்தார். அதிலிருந்து பிறந்த வாய்பாடு எளிமையானது. அறையின் கன அளவை (கன மீட்டரில்) 0.161-ஆல் பெருக்கி, அறை விழுங்கும் மொத்தப் பரப்பால் வகுத்தால், சத்தம் அடங்க எத்தனை விநாடி ஆகும் என்று வரும். 30 அடி நீளம், 15 அடி அகலம், 15 அடி உயரமுள்ள ஒரு ஹாலை எடுத்துக்கொள்ளுங்கள். கன அளவு சுமார் 190. மினுக்கிய சுவர் தன் பரப்பில் நூற்றுக்கு 2 பங்குதான் விழுங்கும், தரைக்கல் ஒன்றரைப் பங்கு, தேக்கு மச்சு 10 பங்கு என்று வைத்தால், மொத்த விழுங்கும் பரப்பு 7 சதுர மீட்டரைச் சற்றே தாண்டும். விடை நாலு விநாடிக்கு மேல். நிமிஷத்துக்கு 120 தட்டு வேகத்தில் போகிற ராக் பாட்டில் ஸ்நேர் டிரம் ('டப்' என்று விழுகிற சின்ன டிரம்) விநாடிக்கு ஒரு தடவை விழும். அதாவது, முதல் அடி அடங்குவதற்குள் அடுத்த நாலு அடி அதன் தலையில் விழுந்துவிடும். டிரம்ஸ் சொதசொதவென்று இருக்கிறது என்று எழுதுகிறவர் பாவம், தன் வீட்டு முட்டைப் பூச்சைத்தான் விமர்சிக்கிறார்.

சரி, என்ன செய்வது? திறந்த கதவுதான் உலகத்திலேயே சிறந்த ஒலி உறிஞ்சி. சபைன் அளவுகோலே திறந்த ஜன்னல்தான்: வெளியே போன சத்தம் திரும்பி வராது. இரண்டு சதுர மீட்டர் அளவில் இரண்டு கதவுகளைத் திறந்துவிட்டாலே நாலு விநாடி இரண்டேமுக்காலாக இறங்கும். பிறகு இலவம்பஞ்சு மெத்தைகள். கல்யாணத்துக்கென்று சுருட்டி வைத்திருக்கும் மெத்தையில் ஆறை எடுத்து ஹாலின் நீளச் சுவர்களில் நிமிர்த்திச் சாத்தினால் ஒன்றரை, ஒன்றேமுக்கால் விநாடிக்கு வந்துவிடும். சாத்தும்போது சுவரோடு ஒட்டக் கூடாது. அரைச் சாண் இடைவெளி விட்டால்தான் தாழ்ந்த சுரங்களிலும் கொஞ்சம் உறிஞ்சும். கோரைப்பாயை மாட்டிப் பிரயோஜனமில்லை. அது ஜால்ரா சத்தத்தின் நுனியை மட்டும் லேசாக மழுக்கும், மற்றதைத் தொடாது. தரைக்கு ஜமக்காளம் இரட்டையாக மடித்து, ஸ்பீக்கருக்கும் உட்காருகிற இடத்துக்கும் நடுவில்.

மெத்தை வைத்தது சரியா என்று பார்க்கக் கருவி வேண்டாம். உட்காருகிற இடத்தில் நின்று ஒரு தடவை கையைத் தட்டுங்கள். 15 அடி இடைவெளியில் எதிரெதிராக நிற்கும் இரண்டு வழவழச் சுவர்களுக்கு நடுவே சத்தம் போய்வர 26 மில்லி விநாடி. அதனால் தட்டலுக்குப் பின் 'டிர்ர்ர்' என்று ஒரு வால் கேட்கும், கம்பி வலையில் குச்சியை இழுத்த மாதிரி. அந்த வால் போகிற வரை ஒரு மெத்தையை இப்படியும் அப்படியும் நகர்த்துங்கள். எதிரெதிர்ச் சுவர்களில் ஒன்றை மூடினாலே போதும், இரண்டையும் மூட வேண்டியதில்லை.

இவ்வளவும் செய்தாலும் ஹால் ஹால்தான். இந்த அளவு அறையில் ஸ்பீக்கரிலிருந்து இரண்டு அடி தாண்டினாலே நேர்ச் சத்தத்தை விட அறையின் சத்தம் மிஞ்சத் தொடங்கும். ஆகவே ஊஞ்சலில் ஆடிக்கொண்டு கேட்காமல், ஸ்பீக்கர் இரண்டையும் ஒரு கஜ இடைவெளியில் வைத்து, அதே அளவு தூரத்தில் எதிரே உட்காருங்கள். இன்னும் நல்லது, ஹாலையே விட்டுவிட்டு வளவைச் சுற்றியுள்ள சின்ன அறைகளில் ஒன்றுக்குப் போவது. ஆனால் சாமான் அறை வேண்டாம். சீர் வந்த பித்தளையும் எவர்சில்வரும் மங்குச் சாமானும் அடுக்கியிருக்கிற அறையில் பேஸ் கிடார் ஒரு குறிப்பிட்ட சுரத்தைத் தொடும்போதெல்லாம் ஏதோ ஒரு மூடி கிணுகிணுக்கும். அதை மிக்ஸிங் கோளாறு என்று எழுதினால் ஆச்சிமார் சிரிப்பார்கள்.

கருவிக்கு வருவோம். இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஏனென்றால் தப்பு அப்பட்டமானது. பேஸ் கிடாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். சாதாரண கிடாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. "பேஸையே காணோம்" என்பதற்கு அதுவே பதில். அடுத்தது, ஒற்றை ப்ளூடூத் டப்பா. இரண்டு கிடார் வைத்திருக்கும் பழைய பேண்டுகளின் உயிர், ஒரு கிடார் இடப்பக்கமும் இன்னொன்று வலப்பக்கமும் நின்று பேசிக்கொள்வதில் இருக்கிறது. ஒன்று விட்ட இடத்தை மற்றது நிரப்பும். ரோலிங் ஸ்டோன்ஸில் கீத் ரிச்சர்ட்ஸும் ரானி வுட்டும் செய்வது இதுதான். இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் கொட்டினால் பேச்சு இரைச்சலாகிவிடும். "ரெண்டு கிடார் எதுக்கு, ஒண்ணு போதுமே" என்ற விமர்சனம் அங்கே பிறக்கிறது. கம்பியுள்ள சாதாரண இயர்ஃபோனே இதற்கு மேல். காதில் நன்றாக அடைத்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஓரத்தில் காற்றுப் போனால் பேஸ் முதலில் போகும்.

வாட்ஸ்அப்பில் வந்த துண்டைக் கேட்டுவிட்டுக் கருத்துச் சொல்வது கணக்கிலேயே சேராது. யூட்யூபில் ஒரு தடவை அமுக்கியது, யாரோ திரையைப் பதிவுசெய்தபோது ஒரு தடவை, அனுப்பும்போது ஒரு தடவை என்று மூன்று முறை பிழிந்த சக்கை அது. சிம்பல் சத்தம் 'ஷ்ஷ்' என்று நீளாமல் தண்ணீரில் கரைந்த மாதிரி சளசளத்தால் காரணம் இதுதான். ஸ்பாட்டிஃபையில் தரத்தை 'வெரி ஹை'யில் வையுங்கள். அது 320 கிலோபிட். 'நார்மல்' 96 மட்டுமே, 'லோ' 24. டேட்டா மிச்சம் பிடிக்கிற வசதி ஓடிக்கொண்டிருந்தால் உங்களுக்குத் தெரியாமலே கீழே இறங்கியிருக்கும்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் நம் ஊரில் முக்கியம். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஆம்ப்ளிஃபையர் ஓடும்போது, அது சதுர அலை இன்வெர்ட்டராக இருந்தால் அடியில் ஒரு 'ங்ஙீ' ரீங்காரம் சேரும். பாட்டின் அமைதியான முன்னுரையில் தெளிவாகக் கேட்கும். சைன் அலை இன்வெர்ட்டரில் இது வராது.

இனி ஃபைல். இங்கேதான் ரசிகர்கள் பெரும்பாலும் சரியாகக் கோபப்பட்டு, தவறான காரணத்தைச் சொல்கிறார்கள். "பழைய பாட்டுல இருந்த உயிர் இதுல இல்ல" என்பார்கள். உயிர் என்று அவர்கள் சொல்வது பல நேரம் ஏற்ற இறக்கம். மற்ற பாட்டுகளை விடச் சத்தமாக இருக்க வேண்டும் என்று, மாஸ்டரிங்கில் லிமிட்டரைப் போட்டு உச்சிகளைச் சீவிவிட்டு மொத்தத்தையும் மேலே தூக்குகிறார்கள். ஸ்நேரின் முதல் அடி, 'டப்' என்று முன்னால் பாய வேண்டியது, மற்ற வாத்தியங்களின் மட்டத்திலேயே நின்றுவிடுகிறது. முன்பு இந்தத் தந்திரம் வேலை செய்தது, ஏனென்றால் காதுக்குச் சத்தமாக இருப்பதே நன்றாக இருப்பதாகத் தோன்றும். இப்போது ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் மைனஸ் 14 லஃப்ஸ் (பாட்டின் சராசரிச் சத்தத்தை அளக்கிற அலகு) என்ற மட்டத்துக்குக் கொண்டுவருகிறது. மைனஸ் 7-இல் வந்த புதுப் பாட்டை 7 டெசிபல் இறக்கிவிடும். சத்தம் போய்விட்டது, சீவிய உச்சி மட்டும் திரும்பி வரவில்லை. பக்கத்தில் 1970-களின் பாட்டு ஒன்று வந்தால், அதன் டிரம்ஸ் துள்ளும், இது தட்டையாகப் படுத்திருக்கும். ரசிகர் காது பொய் சொல்லவில்லை.

இந்த விவகாரத்தில் ரசிகர்கள் நிஜமாகவே ஜெயித்த வழக்கு மெட்டாலிகாவின் 2008 ஆல்பம், 'டெத் மேக்னெடிக்'. அதே பாட்டுகள் 'கிடார் ஹீரோ' விளையாட்டுக்கும் போயிருந்தன, அங்கே லிமிட்டர் அழுத்தம் குறைவு. விளையாட்டிலிருந்து எடுத்த அலைவடிவத்தையும் சிடியின் அலைவடிவத்தையும் ரசிகர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். ஒன்று மலைத்தொடர், மற்றது மதில் சுவர். தன் கைக்கு வரும்போதே மிக்ஸ் (வாத்தியங்களையும் குரலையும் சேர்த்த பதிவு) மதிலாகத்தான் வந்தது என்று மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சனே சொன்னார். பாட்டெழுதியதில் கோளாறில்லை, பதிவில்தான் என்று அன்று நிரூபணமானது.

அதே சோதனையை நீங்களும் செய்யலாம். ஸ்ட்ரீமிங்கில் முடியாது. காசு கொடுத்து வாங்கிய, தரம் குறையாத ஃபிளாக் ஃபைலோ சிடியோ வேண்டும். ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து, ஸ்நேர் அடி ஒன்றைப் பிடித்து, ஒரு விநாடி திரையின் முழு அகலத்துக்கு வரும் வரை பெரிதாக்குங்கள். நல்ல மாஸ்டரில் அடியின் நுனி ஈட்டி போலக் கூராக மற்றதைத் தாண்டி நிற்கும். நசுக்கியதில் பத்து ஈட்டிகளும் ஒரே உயரத்தில், கத்தரிக்கோலால் வெட்டிய வேலிச்செடி மாதிரி இருக்கும். இங்கே மூன்று தவறு நடக்கும். கிளிப்பிங் காட்டும் சிவப்புக் கோடு வரவில்லை என்று நிம்மதியாகிவிடக் கூடாது. லிமிட்டர் உச்சியை மைனஸ் 0.1-இல் நிறுத்தியிருந்தால் கோடு வராது, வெட்டு மட்டும் இருக்கும். யூட்யூபிலிருந்து இறக்கிய ஃபைலின் படத்தை வைத்து வாதாடக் கூடாது. சுருக்கி விரித்ததில் உச்சிகள் இடம் மாறியிருக்கும். எல்பியில் டி.ஆர். எண் (ஏற்ற இறக்கத்தைக் காட்டும் எண்) கூடுதலாக வருகிறது, ஆகவே எல்பி மாஸ்டர் வேறு என்பதும் அவசரம். அதே மாஸ்டரை எல்பியில் வெட்டி மறுபடி பதிவுசெய்தாலே அலையின் கட்டம் (ஃபேஸ்) புரண்டு எண் மூன்று நாலு கூடிக் காட்டும்.

பழையதையும் புதியதையும் ஒப்பிடும்போது சத்தத்தை ஒரே மட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு டெசிபல் வித்தியாசம் போதும், காது கூடுதல் சத்தத்தின் பக்கம் சாய்ந்துவிடும். அமைப்புகளில் 'வால்யூம் நார்மலைசேஷன்' போட்டிருந்தாலே பாதி வேலை முடிந்தது.

எல்பி என்றதும் ஒரு எச்சரிக்கை. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகளில் புனல் வைத்த கிராமஃபோனைப் பார்த்து ஆசைப்பட்டு, புதுப் பாட்டின் 7 அங்குலத் தட்டை அதில் வைத்துவிடாதீர்கள். அது 78 வேக அரக்குத் தட்டுக்கான இரும்பூசி, அதன் தலை நூறு கிராமுக்கு மேல் கனக்கும். இன்றைய வினைல் ஒன்றரையிலிருந்து இரண்டரை கிராம் பாரத்துக்கு வெட்டியது. ஒரே ஓட்டத்தில் பள்ளம் உழுதுவிடும். வேறொரு வம்பும் உண்டு. அமெரிக்காவிலிருந்து வந்த பழைய டர்ன்டேபிள், மோட்டார் கரண்டின் 60 ஹெர்ட்ஸை நம்பி ஓடுகிற வகையாக இருந்தால், டிரான்ஸ்ஃபார்மர் போட்டு 110 வோல்ட் கொடுத்தாலும் நம்முடைய 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். பாடகர் மூன்று அரைச்சுரம் கீழே, அசதியாகப் பாடுவார். "குரல் தடிச்சிருச்சு" என்று துக்கம் விசாரிக்கக் கிளம்பிவிடுவோம். மோட்டார் புல்லியை 50 ஹெர்ட்ஸ் புல்லியாக மாற்றினால் ஆள் திரும்ப எழுந்துவிடுவார்.

வீட்டையும் கருவியையும் ஃபைலையும் கழித்தாயிற்று. இப்போதுதான் பேண்ட்.

குரலில் ஆரம்பிக்கலாம். வாதம் எப்போதும் "போச்சு" "போகல" என்றே நிற்கிறது. எவ்வளவு போயிருக்கிறது என்று அளக்க நம் கையில் சுருதிப்பெட்டி இருக்கிறது. தம்புரா செயலி ஒன்றைத் திறந்து, பாட்டு முடிகிற இடத்தில் வந்து அமர்கிற சுரத்தோடு ஒட்டும் வரை கட்டையை நகர்த்துங்கள். மூன்று பதிவுகளுக்கு இதைச் செய்யுங்கள்: பழைய ஸ்டுடியோப் பதிவு, அதே பாட்டின் சமீபத்திய மேடைப் பதிவு, புதுப் பாட்டு. மேற்கத்திய ஈ என்பது நம் 3 கட்டை, ஈ ஃபிளாட் 2½, ஜி என்றால் 5. பழைய பதிவு 3, மேடையில் 2½ என்று வந்தால் அரைச்சுரம் இறக்கிப் பாடுகிறார் என்று அர்த்தம். அதையும் உடனே வயசின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. கன்ஸ் அன் ரோசஸ் 1987-இல் முதல் ஆல்பத்திலேயே ஈ ஃபிளாட்டில்தான் கிடாரைச் சுருதி சேர்த்தார்கள், அப்போது அவர்கள் இளந்தாரிகள். இன்னொன்று, டேப் காலத்துப் பதிவுகள் சரியாகக் கட்டையில் நிற்காமல் இரண்டுக்கும் நடுவே தொங்கும். டேப்பின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டியோ குறைத்தோ விடுவது அன்று சாதாரணம். செயலியில் நுண்சுருதி திருத்தும் வசதி இருந்தால்தான் ஒட்டும்.

கட்டையை இறக்குவது நம் கச்சேரி மேடையில் குற்றமே இல்லை. வித்வானுக்கு வயசாகிவிட்டது, அரைக்கட்டை குறைத்துக்கொண்டார், ராகம் இன்னும் கனிந்திருக்கிறது என்று தலையாட்டுகிற அதே ஆள்தான், ராக் பாடகர் இறக்கினால் ஏமாற்றிவிட்டதாகக் குதிக்கிறார். இந்த இரட்டை நியாயம் எனக்குப் புரிந்ததே இல்லை.

குரலில் உண்மையாகக் கவனிக்க வேண்டியது மூச்சு. பழைய பாட்டில் ஒரே மூச்சில் எத்தனை சொல் போனது, புதியதில் எத்தனை சொல்லுக்கு ஒரு தடவை வெட்டுகிறது என்று எண்ணிப் பாருங்கள். உச்சி வரிகளில் பின்பாட்டுக்காரர்கள் சேருகிறார்களா, அல்லது அவரே தனியாக ஏறுகிறாரா? 'ஆட்டோட்யூன்' என்ற குற்றச்சாட்டு வந்தால் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகிற வழியைக் கேளுங்கள். மனிதக் குரல் சறுக்கிக்கொண்டு போகும், கமகம் மாதிரி லேசான ஒரு வளைவு இருக்கும். அழுத்தமாகத் திருத்திய குரல் படிக்கட்டில் குதித்து இறங்கும். வளைவு இருந்தும் குரல் உலோகமாக ஒலித்தால், அநேகமாக ஒரே வரியை இரண்டு தடவை பாடி ஒன்றின் மேல் ஒன்று அடுக்கியிருக்கிறார்கள். அது 1960-களிலிருந்து எல்லாரும் செய்கிற வேலை.

"எல்லாம் ஏ.ஐ." என்ற கூச்சல் உச்சத்துக்குப் போனது 2023 நவம்பர் 2 அன்று. நம் நேரம் இரவு 7.30 மணிக்கு பீட்டில்ஸின் 'நௌ அண்ட் தென்' வந்தது. ஜான் லெனன் சுடப்பட்டு நாற்பது வருஷம் தாண்டிவிட்டதால், செயற்கைக் குரல்தான் என்று பலர் முடிவுகட்டிவிட்டார்கள். பால் மெக்கார்ட்னி அந்த ஜூனில் வானொலிப் பேட்டியில் ஏ.ஐ. என்ற சொல்லைப் பயன்படுத்தியதும் ஒரு காரணம். நடந்தது வேறு. லெனன் 1970-களின் கடைசியில் நியூயார்க் வீட்டில் பியானோ வாசித்தபடி பாடி ஒரு கேசட்டில் பதிந்திருந்தார். குரலும் பியானோவும் ஒரே தடத்தில், அடியில் கரண்ட் ரீங்காரம். 1995-இல் மற்ற மூவரும் அதை எடுத்து வேலை செய்தபோது குரலைத் தூக்கினால் பியானோவும் சேர்ந்தே எழும்பியது. ஜார்ஜ் ஹாரிசன் வாசித்த கிடாரும் அப்போது பதிவானது, ஆனால் வேலையைப் பாதியிலேயே கைவிட்டார்கள். திரைப்பட இயக்குநர் பீட்டர் ஜாக்சனின் குழு, பீட்டில்ஸ் பற்றிய 2021 ஆவணப்படத்துக்காக உருவாக்கிய மென்பொருள், எது குரல், எது பியானோ என்று அடையாளம் கண்டு பிரித்தெடுக்கக் கற்றது. அரிசியும் உளுந்தும் கலந்ததை முறத்தில் புடைத்துப் பிரித்த மாதிரி. புதிதாக ஒரு அரிசிகூடச் செய்யவில்லை. கேட்கிற குரல் லெனன் அன்று பாடியதேதான்.

இதில் கேசட்டின் திருட்டுப் பிரதியை முன்பே கேட்டிருந்தவர்களின் குறைதான் கனமானது. லெனனின் பதிவில் இருந்த ஓர் இடைப்பகுதி புதுப் பதிவில் வரவே இல்லை. பாட்டு வேறு எங்கோ திரும்பிப் பார்த்துவிட்டு வருகிற இடம் அது. அதை எடுத்துவிட்டதால் பல்லவியும் சரணமும் நேராக ஒட்டி நிற்கின்றன. கச்சிதம் கூடியது, தயக்கம் போனது. இது ரசனைச் சண்டை, போட்டுக்கொள்ளலாம். பின்னால் வருகிற 'ஆ' குரல்களில் 1960-களின் பழைய பீட்டில்ஸ் பதிவுகளிலிருந்து எடுத்தவை கலந்திருக்கின்றன என்பதைத் தெரிந்துகொண்டு கேட்டால், இயர்ஃபோனில் அவை தனியாகவே தெரியும்.

டிரம்ஸ் பற்றிய குறைகளில் ஒன்று எழுத்துக்கு எழுத்து உண்மையாக இருந்தது. 2003-இல் மெட்டாலிகாவின் 'செயிண்ட் ஆங்கர்' வந்தபோது எண்ணெய் டின்னைத் தட்டுகிறார்கள் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். ஸ்நேர் டிரம்மின் அடித்தோலை ஒட்டிச் சில சுருள் கம்பிகள் கிடக்கும், பக்கத்தில் ஒரு சின்ன விசை. விசையைப் போட்டால் கம்பிகள் தோலோடு அழுந்தி 'ட்ஷ்' என்ற சத்தம் வரும். தளர்த்திவிட்டால் வெறும் உலோகக் கூடு 'டாங்ங்' என்று முழங்கும். லார்ஸ் உல்ரிச் விசையைத் தளர்த்தி வைத்தே அந்த ஆல்பம் முழுக்க அடித்தார். தெரிந்தே செய்தது. பிடிக்கவில்லை என்று சொல்ல ரசிகருக்கு முழு உரிமை உண்டு.

"மெஷின் டிரம்ஸ்" என்பதற்கு வேறு சோதனை. எட்டு ஸ்நேர் அடிகளை வரிசையாகக் கேளுங்கள். எட்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றாக இருந்தால், அடித்ததை எடுத்துவிட்டு ஒரே பதிவை எட்டு இடத்தில் ஒட்டியிருக்கலாம். கை அடித்தால் தோலின் நடுவில் ஒன்று, விளிம்பில் ஒன்று என்று மாறிக்கொண்டே இருக்கும். காலப்பிரமாணத்தையும் பாருங்கள். தாளத்தோடு விரலால் தட்டி வேகம் அளக்கிற செயலியில் முதல் சரணத்தையும் கடைசிப் பல்லவியையும் தட்டி அளந்தால், க்ளிக் (காதில் ஓடுகிற சீரான தாளத் தட்டல்) இல்லாமல் வாசித்த பழைய பாட்டுகளில் வேகம் இரண்டு மூன்று கூடியிருக்கும். புதியதில் ஆரம்பித்த எண்ணிலேயே நிற்கும். சிலருக்கு இது நேர்த்தி. எனக்கு, கடைசிப் பல்லவியில் கூட்டத்தோடு சேர்ந்து கொஞ்சம் ஓடுகிற தாளம்தான் பிடிக்கும், தேர் நிலைக்கு வரும்போது இழுப்பு வேகமெடுக்கிற மாதிரி.

"அந்தாள் இல்லாம அந்த பேண்டே இல்ல" என்ற குறைக்கும் ஒரு சோதனை இருக்கிறது. ரோலிங் ஸ்டோன்ஸ் 2023 செப்டம்பர் 6 அன்று 'ஆங்ரி'யை வெளியிட்டபோது அவர்களின் டிரம்மர் சார்லி வாட்ஸ் இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டிரம்ஸில் ஸ்டீவ் ஜோர்டன். 2005-க்குப் பிறகு அவர்கள் சொந்தப் பாட்டுகளோடு வெளியிட்ட முதல் ஆல்பத்தின் முதல் பாட்டு, மிக் ஜாகருக்கு வயது 80. சண்டை வழக்கம்போல் நடந்தது. ஆனால் அக்டோபரில் வந்த 'ஹாக்னி டயமண்ட்ஸ்' ஆல்பத்தில் 'மெஸ் இட் அப்', 'லிவ் பை த சோர்ட்' என்ற இரண்டு பாட்டுகளில் டிரம்ஸ் சார்லி முன்பே வாசித்து வைத்தது. ஒரே ஆல்பம், முதன்மைத் தயாரிப்பாளர் ஆண்ட்ரூ வாட். ஒப்பிட இதைவிட வசதி கிடைக்காது.

எதைக் கேட்பது என்றால், ஹை-ஹாட், அதாவது காலால் மூடித் திறக்கிற இரட்டைத் தட்டு. வலது கை அதில் சீராகத் தட்டிக்கொண்டே போகும், இடது கை இரண்டாவது நாலாவது எண்ணிக்கையில் ஸ்நேரில் விழும். பெரும்பாலான டிரம்மர்கள் அந்த நேரத்திலும் ஹை-ஹாட்டை நிறுத்துவதில்லை. சார்லி ஸ்நேர் விழுகிற கணத்தில் மட்டும் வலது கையைத் தூக்கிவிடுவார். அதனால் ஸ்நேர் தன்னந்தனியாக விழும், பக்கத்தில் உலோகச் சத்தம் எதுவும் இல்லாமல், சுற்றிலும் துளி காற்றோடு. இயர்ஃபோனைப் போட்டுக்கொண்டு 'மெஸ் இட் அப்'பில் முதல் ஒரு நிமிஷம் ஸ்நேரை மட்டும் பின்தொடருங்கள், அந்த இடைவெளி பிடிபடும் வரை. பிறகு 'ஆங்ரி'க்கு வந்து அதே இடத்தில் காதை வையுங்கள்.